மேற்படி

நாள் 131, காலை 06.10

பொருநைக் கப்பல், உறக்க அறை. காவலில் இருப்பவள் எஸ்தர் தங்கபுஷ்பம், மருந்தாளுநர், வயது நாற்பத்தெட்டு. பேழைகளில் உறங்குகிறவர்கள் அறுபத்து மூன்று பேர். குளிர் சரி, காற்று சரி, தண்ணீர் சரி. விழித்திருக்கும் ஒரே ஜீவன் நான். என்னைப் பற்றிக் கேட்க இங்கே ஆளில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: நலம்.

பூமியை விட்டு ஆறு வருடம். சனியின் நிலாவில் இறங்க இன்னும் பதினான்கு மாதம். ஊழியர்கள் முறை வைத்து ஆளுக்கு ஆறு மாதம் விழித்திருக்க வேண்டும். என் முறை முடிய ஐம்பது நாள் பாக்கி. பூமிக்கு ஒரு வார்த்தை போய்ச் சேர எழுபத்தொரு நிமிடம், பதில் வர இன்னொரு எழுபத்தொரு நிமிடம். சண்டை போடக்கூடப் பொறுமை வேண்டும்.

மூன்றாம் வரிசைக் குளிர்க்குழாயில் ஏதோ முனகல் கேட்கிறது. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன்.

நாள் 132, காலை 09.40

முனகியது வெடித்துவிட்டது. ஒட்டுப் போட்டிருக்கிறேன், முழுதாக நிற்கவில்லை. பேழை 61, பேழை 63 இரண்டிலும் குளிர் குறைந்துகொண்டே வருகிறது.

61, அருணகிரி. ஐம்பத்தொன்பது வயது, விளாத்திகுளத்தில் உரக்கடை வைத்திருந்தவர். 63, அவர் மருமகள் செண்பகவல்லி, இருபத்தாறு. நடுவில் 62, அவர் மகன் சிவகுருநாதன். அவன் பேழை வேறு குழாயில் இருப்பதால் தப்பித்தான். நல்ல குளிரில் இருப்பவனை எழுப்ப ஐந்து நாளாகும். தூங்கட்டும். மற்ற இருவரையும் எழுப்பித்தான் ஆக வேண்டும். மாமனாருக்கு இன்று மாலைவரை நேரம் இருக்கிறது. மருமகளுக்கு ஐம்பத்தைந்து மணி நேரம்.

இதைப் படிக்கிறவருக்கு ஒரு விளக்கம். ஆளை எழுப்புவதும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் இங்கே ஒன்றுதான். உறைந்த உடம்புக்கு ஆறு வருடம் கழிந்தது தெரியாது. கப்பல் ஏறிய நாள்தான் அதற்கு நேற்று. நேற்று விழுங்கிய மாத்திரை இன்னும் ரத்தத்தில் இருக்கும். எனவே எழுப்பூசி போடுவதற்கு முன் வார்டுப் பொறி ஒரே ஒரு கேள்வி கேட்கும்: வழக்கமாகச் சாப்பிடும் மருந்து உண்டா? நோயாளியால் பேச முடியாவிட்டால், கப்பல் ஏறும் நாளில் அவர் வீட்டார் சொன்ன பதிலின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, அதன்படி ஊசியின் அளவைக் கணக்கிடும். எழுபது பேரைக் கேட்டு, ஏழு குழு கூடி வகுத்த முறை. அந்தக் குழுக்கள் ஒன்றில் நானும் இருந்தேன்.

நாள் 132, மாலை 17.30

அருணகிரி இறந்துவிட்டார்.

மதியம் 14.20க்கு ஊசி போடப்பட்டது. கண் திறந்தார். மகன் பெயரைச் சொன்னார். பிறகு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அது நிற்கவில்லை. நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே பொறியைத் திட்டினேன், அதுவோ அவருடைய மருத்துவ அட்டையில் மருந்து எதுவும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 15.05க்கு எல்லாம் முடிந்தது.

எழுப்பூசி ரத்தத்தைக் கொஞ்சம் இளக்கும். ஏற்கெனவே இளக்கும் மாத்திரை உள்ளே இருந்தால் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அவர் பெட்டியை இப்போதுதான் திறந்து பார்த்தேன். மடித்த வேட்டிக்குள் வேட்டி, அதற்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் மூன்று அட்டை மாத்திரை. இதய அடைப்புக்குப் போடுவது, ரத்தம் உறையாமலிருக்க. இதய நோய்க்காரர்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மகனும் மருமகளும் போய்விட, தான் மட்டும் விளாத்திகுளத்தில் தனியாகக் கிடக்க வேண்டும் என்று பயந்திருக்கிறார் மனுஷர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்.

அவரைத் திட்ட வாய் வருகிறது. ஆனால் கேட்டவள் யார் என்று நினைத்தால் வாய் மூடிக்கொள்கிறது.

நாள் 133, காலை 07.15

கேட்டவள் நான்தான்.

பதிவேட்டை எடுத்து வைத்திருக்கிறேன். கப்பல் ஏறும் முகாமில், பந்தலில், ஒரே காலை நேரத்தில் அறுபத்து மூன்று பேரையும் நான் ஒருத்தியே விசாரித்தேன். மந்திரி வரப் போகிறார், சீக்கிரம் முடி என்று விரட்டினார்கள். ஆளாளாகக் கூப்பிடாமல் குடும்பம் குடும்பமாக நிற்க வைத்தேன். குடும்பத்தில் மூத்த ஆண் யாரோ அவர் பதில் சொல்வார், மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். நம் ஊரில் அதுதானே வழக்கம், யாரும் தப்பாக நினைக்கவில்லை. முதல் ஆளுக்கு "மருந்து இல்லை" என்று எழுதி, கீழே இருப்பவர்களுக்கெல்லாம் "மேற்படி" என்று போட்டுக்கொண்டே போனேன்.

61, அருணகிரி: மருந்து இல்லை.
62: மேற்படி.
63: மேற்படி.

இருபது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வேன்: ஒரு வாய் சொல்வதை நம்பாதே, பையைப் பார், கடையைக் கேள், ஆளைத் தனியாகக் கேள். அன்றைக்கு இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

நாள் 133, காலை 10.00

செண்பகவல்லியின் பையைப் பார்த்துவிட்டேன். குங்குமச் சிமிழுக்குள், குங்குமத்துக்கு அடியில், அட்டையிலிருந்து கத்தரித்த நான்கு வெள்ளை மாத்திரைகள். மெடிக்கலில் வேண்டிய அளவுக்கு வெட்டிக் கொடுத்தது. பெயர் அச்சிட்ட பாதி கடையிலேயே தங்கிவிட்டது. கையில் இருக்கும் பாதியில் "200" என்பது மட்டும் தெரிகிறது.

தைராய்டுக்கா? சர்க்கரைக்கா? வலிப்புக்கா? இந்தக் கப்பலில் மாத்திரையைச் சோதித்துச் சொல்லும் கருவி கிடையாது, உறைந்த உடம்பில் ரத்தம் எடுக்கவும் முடியாது. வலிப்புக்காரிக்கு எழுப்பூசியை முழு அளவு போட்டால் வலிப்பு வந்து நிற்காது, அதிலேயே போய்விடுவாள். வலிப்பு இல்லாதவளுக்குக் கால் அளவு போட்டால் எழவே மாட்டாள். குருட்டாம்போக்கில் போட நான் தயாரில்லை. ஒரு கொலை போதும்.

இன்னொரு தொல்லை. 63 எழுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் இருப்பதால், பொறி மணிக்கு ஒருமுறை வீட்டார் வாக்குமூலத்தைச் சரிபார்க்கிறது. அதாவது மணிக்கு ஒருமுறை, காலியான வார்டில், அருணகிரியின் குரல் கணீரென்று கேட்கிறது.

"எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாம் கல்லு மாதிரி இருக்கோம். எழுதிக்கிடுங்க."

அவர் உடல் பக்கத்து அறையில், துணி சுற்றி வைத்திருக்கிறேன். குரல் மட்டும் இன்னும் குடும்பத் தலைவராகவே இருக்கிறது. அதை நிறுத்தும் பொத்தான் எனக்குக் கொடுக்கப்படவில்லை.

நாள் 133, மதியம் 12.20

பொறி போடுவது முதல் பத்து விநாடிதான். முழு ஒலிப்பதிவையும் தேடி எடுத்துக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, ஆறு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அருணகிரி பேசி முடிக்கிறார். நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், மிக மெதுவாக.

"அக்கா, ஒரு நிமிசம். தனியா ஒண்ணு சொல்லணும்."

அதன்மேல் என் குரல் ஏறுகிறது. "முடிஞ்சுது, முடிஞ்சுது. எல்லாரும் நகருங்க."

எட்டு முறை போட்டுக் கேட்டேன். எட்டு முறையும் நான் அப்படித்தான் சொல்கிறேன்.

நாள் 133, மாலை 18.05

பூமியின் மருத்துவ மேசைக்கு அவசரச் செய்தி அனுப்பியிருந்தேன். பதில் வந்தது: செண்பகவல்லி பெயரில் எந்த ஆஸ்பத்திரியிலும் சீட்டு இல்லை, எந்தக் கடையிலும் கணக்கு இல்லை. ஆனால் அவள் அம்மா வேலம்மாள் கோவில்பட்டியில் உயிரோடு இருக்கிறாராம். இணைப்புக் கொடுத்தார்கள். மாத்திரையின் அடையாளத்தைச் சொல்லி, மகளுக்கு எதற்கு என்று கேட்டேன். இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து வாங்கிய பதில் இது:

"எம் மவளுக்கு ஒரு நோயும் கெடையாது தாயி. யாரு அப்படிச் சொன்னது? அவுக மாமனாரு எதுவும் கேட்டாகளா?"

பாருங்கள். கல்யாணமாகி ஏழு வருடம். மகள் சனிக்கோள் வரை வந்துவிட்டாள். சம்பந்தி காதில் விழுந்துவிடுமோ என்று அந்த அம்மாவுக்கு இன்னும் நடுக்கம். மடியில் கனம் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

63க்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம்.

நாள் 134, காலை 06.30

தூங்கவில்லை. மணிக்கு ஒருமுறை அவர் தூங்க விடவில்லை. ஐந்து மணிக்கு அவர் ஆரம்பிப்பதற்கு முன்பே நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் கல்லு மாதிரி இருக்கோம். கல்லு மாதிரி. அவர் மூச்சு விடும் இடத்தில் நானும் மூச்சு விட்டேன்.

எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மிரட்டினால் இன்னும் இறுக மூடிக்கொள்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நான் செய்துகொண்டிருப்பதும் அதுதானே.

அனுப்பிய செய்தியை அப்படியே இங்கே பதிகிறேன்.

"வேலம்மாக்கா, இத நீங்களும் நானும் மட்டுந்தான் கேக்கோம். சம்பந்தி தவறிட்டாரு. மாப்பிள்ளை தூங்குதாரு. நானும் பதினோரு வருசமா மாத்திரை போடுதவதான். எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் மனசு சரியில்லாமப் போச்சு, அதுக்குப் போடுதேன். சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு மறைச்சுட்டேன். பவுடர் டப்பாக்குள்ள வச்சிருக்கேன். நீங்க சொல்லலேன்னா உங்க மக நாளைக்கு இல்ல. என்ன மாத்திரை, எத்தனை?"

பதினோரு வருடத்தில் நான் இதை வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல்முறை. சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் அழுதேன். அழுதது நன்றாகவே இருந்தது.

நாள் 134, காலை 08.10

பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒன்றை எழுதி வைக்கிறேன். பதிவேட்டின் கடைசி வரி 64. அது நான். அன்றைக்கு எல்லாரையும் முடித்த கையோடு எனக்கும் சேர்த்து ஒரு "மேற்படி" போட்டேன். எனக்கு மேலே இருந்தது அருணகிரி குடும்பம். ஆக, பொறியின் கணக்கில் எனக்கும் குடும்பத் தலைவர் அவர்தான்.

மற்றவர்கள் அட்டையை மருந்தாளுநர் திருத்தலாம். தன் அட்டையைத் தானே திருத்தக் கூடாது, பூமியின் மேசைதான் திருத்தும். இந்த விதியைக் குழுவில் வற்புறுத்திச் சேர்த்தவளும் நான்தான். மேசைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன்: 64க்கு மனச்சோர்வு மாத்திரை உண்டு, வார்டுப் பொறியின் வலி ஊசி அதனோடு ஆகாது, உயிருக்கு ஆபத்து, அட்டையைத் திருத்தவும். எழுதினேன், அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த நிமிடமே என்னைக் காவலிலிருந்து நீக்கிவிடுவார்கள். செண்பகவல்லியை எழுப்பிய பிறகு அனுப்புகிறேன். ஊருக்குத்தான் உபதேசம், தெரியும்.

நாள் 134, காலை 10.10

வேலம்மாளின் பதில். முதல் அரை நிமிடம் வெறும் அழுகை. பிறகு:

"எட்டாப்பு படிக்கையில வந்துச்சு தாயி, வலிப்பு. பரிச்சை எழுதையில விழுந்துட்டா. அவ பேருல சீட்டு வாங்குனா வெளிய தெரிஞ்சுபோயி எவனும் கட்ட மாட்டான்னு எம் பேருலதான் வாங்குனேன். ராத்திரிக்கு எரநூறுல ரெண்டு. கல்யாணத்தன்னைக்கும் நாந்தான் வாயில போட்டுவிட்டேன். எம் பிள்ளையக் காப்பாத்திக் குடு. ஒனக்கு வேற யாரும் இல்லையா தாயி? நீ அந்த மாத்திரைய விட்ராத."

கடைசி வரியை ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எனக்கென்று தனியாக வைத்துக்கொண்டேன்.

63ஆம் அட்டையைத் திருத்திவிட்டேன். "மேற்படி"யை அடித்து, வலிப்பு மாத்திரை, இருநூறு, இரவில் இரண்டு என்று எழுதினேன். பொறி ஏற்றுக்கொண்டது. பத்து மணிக்கு வார்டில் குரல் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

நாள் 134, மதியம் 14.50

கால் அளவு எழுப்பூசி. கூடவே வலிப்பு மருந்து. செண்பகவல்லியின் நாடி எழுபத்து நான்கு. விரல் அசைந்தது. இடது கண்ணோரம் துடித்தபோது என் உயிர் என்னிடம் இல்லை, அது வெறும் துடிப்புதான். வலிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் கண் திறப்பாள் என்கிறது பொறி.

கண் திறந்ததும் அவளை நான் கேட்க வேண்டும். புருஷன் இல்லாமல், மாமனார் இல்லாமல், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லும்மா, எனக்கு அவசரமில்லை என்று சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பைத்தியக்காரி.

63ஆம் பேழையின் குழாயை மூடிவிட்டு வந்து கடிதத்தை அனுப்புகிறேன்.

நாள் 134, மாலை 16.21

இடது கையால் எழுதுகிறேன். ஒட்டுப் போட்ட இடம் மறுபடி வெடித்தது. குளிர்வாயு முகத்தில் அடித்தது. வலது கை முழங்கை வரை வெந்த மாதிரி வெளுத்துவிட்டது. வாயைத் திறந்திருந்தேன் போலிருக்கிறது. தொண்டை போய்விட்டது. காற்று வருகிறது, குரல் வரவில்லை.

பொறியின் கைகள் என்னைத் தூக்கி வந்து வார்டில் போட்டன. காயம் பட்டவரைச் சேர்ப்பது அதன் வேலை. கட்டிலோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் செண்பகவல்லி உறங்குகிறாள். கை நீட்டினால் எட்டும் தூரம், கட்டு விடவில்லை.

கடிதத்தை அனுப்பிவிட்டேன். இப்போதுதான். போய்ச் சேர எழுபத்தொரு நிமிடம். திரையில் தெரிகிறது: காயம் கழுவுதல், அதன்பின் வலி ஊசி, இருபத்தெட்டு நிமிடத்தில்.

நாள் 134, மாலை 16.33

பொறி கேட்டது: வழக்கமாகச் சாப்பிடும் மருந்து உண்டா?

உண்டு என்று வாயசைத்தேன். சத்தமில்லை. மறுபடி கேட்டது. இதை எழுதும் குறிப்பேட்டுப் பலகையைத் தூக்கிக் காட்டினேன். நோயாளி எழுதுவதை அது படிக்காது. படிக்கக் கூடாது என்று நாங்கள்தான் முடிவு செய்தோம், வலியில் உளறி எழுதுவார்கள் என்று. மூன்றாவது முறையும் கேட்டது.

செண்பகம், இந்தப் பலகை உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் கிடக்கும். சீக்கிரம் எழுந்தால் இதைப் பார். என் அலமாரியில் பவுடர் டப்பா. அதில் இருக்கும் மாத்திரையைப் பொறியிடம் காட்டி, இது எஸ்தருடையது என்று வாய்விட்டுச் சொல். நீ சொன்னால் அது கேட்கும். ஊசி வேண்டாம் என்று சொல். எழுந்திரு தாயி. கொஞ்சம் முன்னதாக எழுந்திரு.

நாள் 134, மாலை 16.46

அவள் இமை அசைகிறது

பொறி வீட்டார் வாக்குமூலம் தேடுகிறது. 64, மேற்படி. 63 திருத்தப்பட்டது, அதில் வாக்குமூலம் இல்லை. 62, மேற்படி. மேலே போகிறது. வேண்டாம்

அவர் வந்துவிட்டார். இவ்வளவு பக்கத்தில் இதுவரை கேட்டதில்லை. எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் கிடையாதும்மா. நான் உங்கள் வீடு இல்லை ஐயா. நான் உங்க

எழுதிக்கிடுங்க என்கிறார்

செண்பகம் எழு

நாள் 134, மாலை 16.49
வார்டுப் பொறியின் தானியங்கிப் பதிவு

நோயாளி 64. பேச இயலவில்லை. வழக்கமான மருந்துகள்: மேற்படி. சொன்னவர்: அருணகிரி, குடும்பத் தலைவர். வலி ஊசி முழு அளவு செலுத்தப்பட்டது.

16.58. நோயாளி 64. நாடி இல்லை.

17.02. நோயாளி 63 கண் திறந்தார். வலிப்பு இல்லை. முதல் பேச்சு பதிவு செய்யப்பட்டது:

"அக்கா, ஒரு நிமிசம். தனியா ஒண்ணு சொல்லணும்."